பூஜ்யத்தின் ரத்தம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனிதகுலத்தின் கல்லீரலைக் காக்கும் பொருட்டு, வரும் வெள்ளிக்கிழமை காலை, நிறுவனத்தின் பெரிய அரங்கில், இயக்குநர் அவர்கள் தம் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவார்கள். ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிராக இந்நிறுவனம் உருவாக்கி, செம்மைப்படுத்தி, மேலும் செம்மைப்படுத்திய ஏழாவது தடுப்பூசிக் கலவைக்கு இனி நடக்கவிருக்கும் பெருஞ்சோதனையின் முதல் ஊசியை இயக்குநர் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். துறைச் செயலர் முன்னிலை வகிப்பார். அனைத்துப் பிரிவினரும் தவறாமல் வெள்ளைக் கோட்டோடு, துவைத்த வெள்ளைக் கோட்டோடு, வந்து சேர வேண்டும்.

‘துவைத்த’ என்ற சொல்லை இயக்குநர் தம் கைப்பட இடைச்செருகியிருந்தார். மின்தூக்கிக் கதவில் ஒன்று, கேன்டீன் சுவரில் ஒன்று, ஆண்கள் கழிப்பறைக் கண்ணாடிக்கு மேல் ஒன்று என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. புள்ளிவிவரப் பிரிவின் தலைவியான கணக்கம்மா அதை மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு முறை படித்தார்.

“உடம்பையே நாட்டுக்குக் குடுக்கறாராம்” என்றார் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம். “சரி, நாடு கேட்டுச்சா?”

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கு உரிமையில்லை. இயக்குநரின் மனைவி அவருடைய கூடப்பிறந்த அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆய்வுக் கூட்டத்தின் நடுவில் இயக்குநர் மறந்துபோய், “அடுத்த படத்தைப் போடு மாப்ளை” என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று. வாசல் காவலர் முதல் வெளிநாட்டு விருந்தாளி வரை எல்லோருக்கும் அவர் ‘மாப்ளை சார்’. ஐம்பதைத் தாண்டி, முன்மண்டை வெளுத்து, இன்னும் கல்யாணமாகாத மாப்பிள்ளை. அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பு, கீழே அக்காவிடம் சாப்பாடு. வீட்டில் ‘மாமா’ என்று கூப்பிடும் மனிதரை நிறுவனத்து வாசற்படி ஏறியதும் ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வாய் தவறியதில்லை. தவறியதெல்லாம் இயக்குநர்தான்.

இந்த மனிதருக்கும் ஒரு கலவை இருந்தது. ஏழு கலவைகளில் மூன்றாவது. வைரஸின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு துண்டோடு, உடம்பின் எதிர்ப்பைக் கொஞ்சம் உசுப்பிவிடும் மருந்து ஒன்றைச் சேர்த்து அவர் செய்தது. தன்னார்வலர்கள் சிலருக்குப் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கை வீங்கவில்லை, எதிர்ப்பும் வரவில்லை. சோதனையில் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொரு கலவையிலும் உசுப்பும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார் இயக்குநர். ஏழாவதைப் போட்டுக்கொண்டவர்கள் இரண்டு நாள் போர்வைக்குள் நடுங்கினார்கள். ஒருவருக்குக் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட ஒரு வாரம் முடியவில்லை. ஆனால் ஏழாவதுதான் தரையிலிருந்து அரை முழம் எழுந்தது. வெற்றி என்றார் இயக்குநர். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிலாவது உப்பு குறைந்தால் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “மாப்ளையோட மூணாவது மாதிரி இருக்கு. உள்ள போனதே தெரியல.” அக்கா சிரிப்பாள். மாப்பிள்ளையும் சிரிப்பார். சாப்பிடுகிற இடத்தில் வேறென்ன செய்வது?

தரை என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் மேல் வைரஸை ஊற்றுவார்கள். கூடவே ஊசி போட்டுக்கொண்டவரின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிவான நீரை, சீரத்தை, ஊற்றுவார்கள். அதில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் மறிக்கும். எவ்வளவு மறிக்கிறது என்று சொல்ல, எந்த எதிர்ப்பும் இல்லாத ஒருவரின் சீரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதுதான் தரை, இந்த நிறுவனத்தில் அதன் பெயர் பூஜ்யம். மற்ற இடங்களில் பத்துப் பேர், இருபது பேர் ரத்தத்தைக் கலந்து பூஜ்யம் செய்வார்கள். இங்கே அப்படியில்லை. நிறுவனம் தொடங்கிய ஆண்டிலேயே இயக்குநர் எழுந்து நின்று, “அடித்தளம் ஒருவருடையதாக இருக்கட்டும், அது என்னுடையதாக இருக்கட்டும்” என்று அறிவித்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் வரவேற்புரைக்கும் தேநீருக்கும் நடுவில் இயக்குநர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ரத்தம் கொடுப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த ரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் பிரிக்கப்பட்டு, ஆழ்உறைபெட்டியின் மேல் தட்டில், பூஜ்யம் போட்ட ஒட்டுத்தாளோடு அமரும்.

தன்னார்வலர்களின் ரத்தத்தை மூன்று விதமாகச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பூஜ்யத்தை யாரும் சோதித்ததில்லை. “சார், உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாமா?” என்று, கை தட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவில், எந்த மடையன் கேட்பான்?

இப்போது கேட்காமலே அந்த நாள் வந்தது. முதல் ஊசி போட்டுக்கொள்பவர் விதிப்படி ஒரு தன்னார்வலர். தன்னார்வலர் என்றால் சோதனை. “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று இயக்குநரே பெருமிதத்தோடு செவிலியின் முன் கையை நீட்டினார். “எனக்குன்னு எந்தச் சலுகையும் வேண்டாம். மாப்ளை, நீயே டெஸ்ட் பண்ணு. அப்புறம் யாரும் ஏதாவது பேசக் கூடாது பாரு.”

“மச்சினனே பண்ணா பேச மாட்டாங்களா சார்?” என்று கேட்டாள் செவிலி, ஊசியை எடுத்துக்கொண்டே.

“நீ நரம்பப் பாரும்மா” என்றார் இயக்குநர்.

வியாழக்கிழமை காலை சோதனைத் தட்டை வெளியே எடுத்தபோது மாப்பிள்ளை இன்னும் தேநீரின் சூட்டில் இருந்தார். தட்டில் வரிசையாகக் குழிகள். எதிர்ப்பொருள் இல்லாத குழி தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். இருக்கிற குழி மஞ்சளாகும். இயக்குநரின் குழி மஞ்சளாகியிருந்தது. சாதாரண மஞ்சள் அல்ல. நோயாளி என்று ஏற்கெனவே தெரிந்தவரின் மாதிரியை ஒப்பீட்டுக்கு வைப்பார்களே, அந்தக் குழியைவிட அடர்ந்த மஞ்சள்.

குழி மாறிவிட்டது என்று நினைத்தார். திரும்பச் செய்தார். மருந்து கெட்டுவிட்டது என்று புதுப் பெட்டியை உடைத்தார். செவிலியைக் கூப்பிட்டு அவள் ரத்தத்தையும் எடுத்துப் பக்கத்துக் குழியில் வைத்தார். அவள் குழி தண்ணீராக நின்றது. இயக்குநரின் குழி மஞ்சளாக நின்றது.  மாப்பிள்ளை நாற்காலியை இழுத்தார், அதில் உட்காரவில்லை, எதற்கு இழுத்தோம் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா நேற்று இரவு இரண்டு தடவை மோர் வாங்கிக் குடித்தார். மாமா காலையில் செருப்பைத் தேடிக் கத்தினார். அந்த ஆளுடைய ரத்தமா இது?

பிறகுதான் இரண்டாவது இடி இறங்கியது. அது மெதுவாக இறங்கியது. அவர் ஆழ்உறைபெட்டியைத் திறந்தார். புகை போல எழுந்த குளிரில் கையை விட்டு, மேல் தட்டிலிருந்து பூஜ்யங்களை எடுத்தார். போன ஆண்டு பூஜ்யம், அதற்கு முந்தியது, நிறுவனத்தின் முதல் விழாவில் கை தட்டி எடுத்த பூஜ்யம். எல்லாவற்றையும் தட்டில் ஏற்றினார்.

எல்லாம் மஞ்சள்.

கணக்கம்மாவைத் தேடிக்கொண்டு அவர் மூன்றாம் மாடிக்குப் போனபோது அந்த அம்மா எதையோ கொறித்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் கொறிப்பதை நிறுத்தினார்.

“யாராவது போய்ட்டாங்களா?”

“பூஜ்யம் போயிடுச்சு” என்றார் மாப்பிள்ளை.

   சொல்லி முடித்ததும் அந்த அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பழைய எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார். எதிர்ப்பே இல்லாதது என்று வைத்த சீரம் தானே வைரஸை மறித்துக்கொண்டு இருந்திருக்கிறது. தராசில் ஒரு தட்டில் முதல் நாளே கல்லைப் போட்டுவிட்டு, இன்னொரு தட்டில் எதை வைத்தாலும் எடையில்லை, எடையில்லை என்று தூக்கி எறிந்திருக்கிறார்கள். எவ்வளவு வைரஸ் ஊற்றினாலும் செல்லுக்குள் சரியாகப் போவதில்லையே என்று வைரஸ் வளர்ப்பவரைத் திட்டினார்கள். செல்லை மாற்றினார்கள். ஏசியை வேறு சுவருக்கு மாற்றினார்கள். சீரமே ஊற்றாமல் வெறும் வைரஸை மட்டும் ஊற்றும் குழி ஒன்று முதலில் இருந்தது. அது இருந்திருந்தால் என்றைக்கோ குட்டு உடைந்திருக்கும். வீண் செலவு என்று அதை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தியவர் இயக்குநர். சிக்கனத்துக்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது.

“செவிலிப் பொண்ணு ரத்தத்தத் தரையா வெச்சு உங்க பழைய சாம்பிள ஓட்டுங்க” என்றார் கணக்கம்மா. “மூணாவது.”

மதியத்துக்குள் ஓட்டினார். கணக்கம்மா எண்களைத் தட்டினார். மூன்றாவது கலவை போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் எதிர்ப்பு எழுந்திருந்தது. தரையிலிருந்து அரை முழம் அல்ல, ஆள் உயரம். காய்ச்சல் இல்லாமல், வீக்கம் இல்லாமல்.

மாப்பிள்ளை அந்தக் கோட்டையே பார்த்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. அதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆறு வருடமாக உப்பில்லாத ஒவ்வொரு கவளத்துக்கும் சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“ரொம்பப் பூரிக்காதீங்க” என்றார் கணக்கம்மா. திரையில் எல்லாக் கோடுகளுக்கும் மேலே இன்னொரு கோடு இருந்தது. “இது யாருன்னு பாத்தீங்களா? இந்தக் கட்டடத்துலயே பெரிய எதிர்ப்பு இதுதான். மிச்சம் புடிக்க இத்தனை நாளா இதத் தண்ணி கலந்து ஊத்தினதாலதான் ஏழாவது மேல தெரிஞ்சுது; கலக்காம ஊத்தினா உங்க மூணாவது, அவர் ஏழாவது எல்லாம் இதுக்குக் கீழ. இதுதான் பூஜ்யம்.”

“அப்ப சார் ஜெயிச்சுட்டாரா?”

“வைரஸ் இருக்கா இல்லையான்னு பாக்காம எப்படிச் சொல்றது? ஆன்டிபாடி இருந்தா எப்பவோ வைரஸ் வந்ததுன்னு அர்த்தம். போயிடுச்சா, உள்ளயே இருக்கான்னு வேற டெஸ்ட்தான் சொல்லணும். போயிருந்தா, உடம்பு தானா ஜெயிச்சுருக்கு. நாம தேடினது அவர்கிட்டயே இருக்கு. போகலன்னு வைங்க...” அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை காவல்காரன நிறுத்தியும் திருடன் உள்ளயே குடித்தனம் நடத்தறான்னு அர்த்தம். நாம இத்தனை வருஷமா என்ன பண்ணோம்? காவல்காரன எண்ணினோம். வேற எதையும் எண்ணல. அப்படின்னா உங்க மூணாவதும் போச்சு, அவர் ஏழாவதும் போச்சு, என் கணக்கும் போச்சு. ஒரே நம்பர்ல.”

இயக்குநரின் அறையில் இயக்குநர் புத்தக அலமாரியின் கண்ணாடிக்கு எதிரே நின்று மறுநாள் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “இக்கரத்தை நான் என் கரமாகக் கருதவில்லை” என்ற இடத்தில் இடது கையை உயர்த்திப் பார்த்து, திருப்தியில்லாமல், கொஞ்சம் தாழ்த்தினார்.

“சார், ஒரு நிமிஷம்.”

“கரத்தைன்னு சொல்றதா, கையைன்னு சொல்றதா? செயலர் முன்னாடி கைன்னு சொன்னா சின்னதா தெரியும்.”

“சார், ரிசல்ட் வந்துருக்கு.”

“பாத்தேனே, நீ சிரிக்காம வர்றத. உனக்கு மூணாவது ஞாபகம் வந்துடுச்சு, அதானே? போகட்டும் விடு. நாளைக்குப் பேசறப்ப உன் பேரையும் ஒரு இடத்துல சொல்றேன்.”

மாப்பிள்ளை தட்டை மேசையில் வைத்தார். சொல்லத் தயார் செய்து வந்த வாக்கியங்கள் எல்லாம் படிக்கட்டிலேயே தங்கிவிட்டன. விரலால் அந்தக் குழியைக் காட்டினார். அவ்வளவுதான் முடிந்தது.

இயக்குநர் குனிந்து பார்த்தார். முப்பது வருடமாக இந்த மஞ்சளைப் பார்த்தவர். என்ன என்று கேட்கவில்லை.

“எந்தக் குழாய்?”

“உங்களோடது.”

“திரும்பப் பண்ணு.”

“பண்ணிட்டேன் சார். புதுப் பெட்டில பண்ணேன். பழைய பூஜ்யம் எல்லாத்தையும் பண்ணேன். முதல் வருஷத்துலேர்ந்து.”

இயக்குநர் உட்கார்ந்தார். பெரிய நாற்காலியில் அல்ல. பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த, கைப்பிடி ஆடும் நாற்காலியில். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து மாப்பிள்ளை பார்த்ததில்லை. அதில் அவர் யாரோ போலத் தெரிந்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?” இதுதான் முதல் கேள்வி.

“எனக்கு. கணக்கம்மாவுக்கு.”

“உங்கக்காவுக்கு?”

“இல்ல சார்.”

“சார்ங்காத” என்றார். குரல் இறங்கியிருந்தது. “இப்ப சார்ங்காத.”

“இல்ல மாமா.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ அரங்கத்துக்கு நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்று விழுந்து, திட்டிக்கொண்டே எடுத்தார்கள்.

“அந்த மாநாட்டுக்குப் போனோமே, நீ ரேசர் மறந்துட்டுப் போய் என்னோடத எடுத்து ஷேவ் பண்ணே. ஞாபகம் இருக்கா?”

“அது எந்தக் காலம் மாமா.”

“வைரஸ் காலம் பாக்குமா? நீயும் டெஸ்ட் பண்ணிக்கோ. இன்னிக்கே பண்ணு.” பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, “காலேஜ்ல பைக்லேர்ந்து விழுந்தேன். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. யாரோடதோ. அப்பல்லாம் யார் பாத்தா?”

 மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் கேட்ட அடுத்த கேள்விக்கு அவர் தயாராக இல்லை.

“அப்ப உன் மூணாவது?”

“எழுந்துருக்கு மாமா.”

“எவ்வளவு?”

மாப்பிள்ளை கையால் உயரம் காட்டினார்.

இயக்குநர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று நடுங்கி நின்றது. மன்னிப்பு மாதிரி ஏதாவது வந்துவிடுமோ என்று மாப்பிள்ளை பயந்தே போனார். அதைத் தாங்க அவர் தயாராக இல்லை. நல்லவேளை, அது வரவில்லை. இயக்குநரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. குரலில் பழைய மேடை திரும்பி வர ஆரம்பித்தது.

“நாலு பேருக்கு வந்தா ஒருத்தருக்குத் தானாவே போயிடும். தெரியும்ல?”

“தெரியும் மாமா.”

“நாப்பது வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு சோர்வு உண்டா? மஞ்சக்காமாலை உண்டா? படி ஏறினா உனக்குத்தான் மூச்சு வாங்குது. நான் எப்பவுமே நாலுல ஒருத்தன்டா மாப்ளை. ஸ்கூல்லேர்ந்து அப்படித்தான்.”

“வைரஸ் டெஸ்ட் போட்டுப் பாத்துடலாம் மாமா. புதுசா ரத்தம் எடுக்கணும். நாளைக்குக் காலைல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் விழாவ...”

“செயலர் வர்றார். அழைப்பு போயாச்சு. ஊசி வேண்டாம், சரி. ஏற்கெனவே ஜெயிச்ச உடம்புக்கு ஊசி எதுக்கு? ஆனா விழா நடக்கும்.”

“ஒருவேளை இருந்தாலும் பயமில்ல மாமா. இப்பதான் மாத்திரை இருக்கே. மூணு மாசம் சாப்ட்டா சுத்தமா...”

“முப்பது வருஷமா தடுப்பூசி, தடுப்பூசின்னு பேசிட்டு, கடைசில நான் போய் மருந்துக் கடைல மாத்திரைக்கு நிக்கறதா?” என்று சீறினார் இயக்குநர். பிறகு முழங்கையை மடித்து, சட்டையை ஏற்றி, “எடு” என்றார். மாப்பிள்ளையே எடுத்தார். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. மாமா முகத்தைச் சுளிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். சமையலறைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே, “ஏன்டா, ரெண்டு பேரும் வாயில என்ன வெச்சுருக்கீங்க?” என்று கேட்டாள்.  மாமா காபியைக் குடித்து முடித்ததும் தன் டம்ளரை எடுத்து, மற்ற டம்ளர்களிலிருந்து தள்ளி, மேசையின் கோடியில் வைத்தார். ஒரே டம்ளரில் குடித்தால் இந்த நோய் ஒட்டாது என்று ஊர் ஊராகப் போய் மேடை போட்டுச் சொன்னவர் அவர். பள்ளிக்கூடப் பாடத்தில்கூட அவர் சொன்னதாக அந்த வரி இருக்கிறது. அக்கா வந்து, எதையும் கவனிக்காமல், எல்லா டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு போனாள். மாமா அதைப் பார்த்தார்.   மாப்பிள்ளை கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார்.

அரங்கத்தின் ஒலிபெருக்கி ஒன்று கருவி அறைக்கு நேர் வெளியே தொங்கியது. விழா தொடங்கிவிட்டது. வைரஸைத் தேடும் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்கு முன் மாப்பிள்ளையும் கணக்கம்மாவும். துவைத்த கோட்டோடு.

“இல்லன்னு வரும்” என்றார் மாப்பிள்ளை.

“யாருக்காக வேண்டிக்கறீங்க? மாமாவுக்கா, மூணாவதுக்கா?”

 இரண்டும் இப்போது ஒரே கோட்டில் போய் நின்றுவிட்டன. திரையில் கோடுகள் தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தன. வைரஸ் இருந்தால் கோடு எழும். நிறைய இருந்தால் சீக்கிரம் எழும். இன்னும் கொஞ்சம் ஊர்ந்தால் போதும். இன்னும் கொஞ்சம்.

ஒலிபெருக்கி இருமியது. இயக்குநர் பேசத் தொடங்கினார். நன்றிகள், வணக்கங்கள், செயலரின் பெருந்தன்மை. பிறகு ஒரு இடைவெளி. மாப்பிள்ளைக்கு அந்த இடைவெளி தெரியும். பெரிய விஷயம் வரப்போகிறது என்று அர்த்தம்.

“இன்று நான் ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை!” என்றது ஒலிபெருக்கி. அரங்கம் சலசலத்தது. “அஞ்சி அல்ல! அவசியமில்லை என்பதால்! நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வைரஸ் எனக்குள் நுழைந்தது. அதை நான் நேற்றுதான் அறிந்தேன். ஆம், உங்கள் பூஜ்யம் பூஜ்யமல்ல! எங்கள் அளவுகோல் பிழை என்பதை இந்த மேடையில் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்!”

“அடப் பாவி, சொல்லிட்டாரே” என்றார் கணக்கம்மா. அவர் குரலில் முதன்முறையாக மரியாதை இருந்தது.

“ஆனால் கேளுங்கள்! இந்நிறுவனம் இதுவரை கண்ட எதிர்ப்பிலேயே மாபெரும் எதிர்ப்பு எங்கே இருந்தது? எந்தக் குப்பியில் இருந்தது? இதோ, இந்த உடலில்! நாம் ஊசியால் செய்ய முயன்றதை இயற்கை எனக்குள் செய்து முடித்துவிட்டது! வைரஸ் வந்தது, தோற்றது, ஓடியது! இனி வரும் தடுப்பூசிகளுக்கு நானே வரைபடம்!”

கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. “முடிவு வரல, அதுக்குள்ள ஏன்...” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். கணக்கம்மா அவர் கையைப் பிடித்தார்.

திரையில் ஒரு கோடு எழுந்திருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மற்ற கோடுகள் இன்னும் தரையில் கிடந்தன. கருவி யோசித்து, கணக்குப் போட்டு, மூலையில் ஓர் எண்ணைக் காட்டியது. கணக்கம்மா வாழ்நாளெல்லாம் எண்களோடு புழங்கியவர். அந்த எண்ணைக் குனிந்து ஒரு முறை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை பார்த்தார்.

“நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றார்.

“வேண்டாம். அக்கா இருக்கா” என்றார் மாப்பிள்ளை. அது எதற்குப் பதில் என்று அவருக்கே தெரியவில்லை.

அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் நுழைந்தபோது கைதட்டல் ஓயவில்லை. செயலர் நின்றுகொண்டு தட்டினார். அதனால் எல்லோரும் நின்றுகொண்டு தட்டினார்கள். முன்வரிசையில் அக்கா. அவளுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். ஒரு கை வாயை மூடியிருந்தது, கண்கள் மேடையைவிட்டு நகரவில்லை, அதற்குள் பெருமையா கலக்கமா என்று சொல்ல முடியவில்லை. மேடையில் மாமா வியர்த்து, மின்னி, மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அத்தனை பேர் முன்னிலும் கையை நீட்டினார்.

“இதோ, கடைசிச் சோதனையின் முடிவும் வந்துவிட்டது! இதைச் சொல்ல இவரைவிடப் பொருத்தமானவர் யார்? இவருடைய மூன்றாவது கலவையை நான்தான் குப்பையில் போட்டேன். அதுவும் வென்றிருக்கிறது! மேல வா மாப்ளை. மைக்ல சொல்லு.”

கைதட்டல் அடங்கியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மாப்பிள்ளை மூன்று படிகளையும் ஏறினார். மாமா விலகி நின்று, மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. நாலு பேரில் ஒருவனின் முகம். அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பதினான்கு லட்சம் வைரஸ் இருந்தது.